தூரத்துச் சர்வருக்கு ஒரு தனி வாசல்

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

சென்ற கோடை விடுமுறையில் சென்னையில் என் அத்தை வீட்டில் இரண்டு வாரம் தங்கியிருந்தேன். அத்தை ஒரு நிறுவனத்தின் சர்வர்களைப் பராமரிக்கும் பணியில் இருக்கிறார். 'சர்வர்' என்றவுடன் உணவு விடுதியில் இட்லியும் சாம்பாரும் கொண்டுவந்து வைப்பவர்தான் நம் நினைவுக்கு வருவார். எங்கள் பாட்டி முதலில் அப்படித்தான் எண்ணிக்கொண்டு, "இவ்வளவு படித்த பெண்ணுக்கு இந்த வேலைதானா கிடைத்தது?" என்று வருத்தப்பட்டாராம். பாட்டி நினைத்ததில் பெரிய பிழை இல்லை. கேட்பவருக்குக் கேட்டதை எடுத்துக் கொடுப்பதே இரண்டு சர்வர்களின் வேலையும். ஒருவர் சமையலறையிலிருந்து கொடுக்கிறார். மற்றொன்று தன் நினைவகத்திலிருந்து கொடுக்கும் கணிப்பொறி. அவ்வளவே.

அத்தையின் சர்வர்கள் மும்பையில் இருக்கின்றன. பல ஆய்வுக்கூடங்கள் செய்த இரத்தப் பரிசோதனை முடிவுகளைத் திரட்டி மருத்துவமனைகளுக்கு அனுப்புவது அவற்றின் வேலை. விடியற்காலை ஐந்து மணிக்கு ஆய்வுக்கூடங்கள் அனுப்பத் தொடங்கிவிடும். ஆகவே மாற்றங்கள் செய்வதானால் நள்ளிரவில்தான் செய்ய வேண்டும்.

ஒருநாள் இரவு பதினொன்றரை மணி இருக்கும். நான் தூக்கம் வராமல் அத்தையின் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சர்வருக்குள் யார் வரலாம், யார் வரக்கூடாது என்று தீர்மானிக்கும் 'ஃபயர்வால்' என்னும் காவற்சுவரில் அத்தை சில விதிகளை மாற்றிக்கொண்டிருந்தார். ஒரு வரியைத் தட்டி முடித்தார். உடனே திரை அப்படியே உறைந்து நின்றுவிட்டது. எந்த விசையைத் தட்டினாலும் அசைவில்லை. அத்தை நெற்றியில் கை வைத்துக்கொண்டு, "நுனிமரத்தில் உட்கார்ந்து அடிமரத்தை வெட்டிவிட்டேன்டி" என்றார்.

நடந்தது இதுதான். அந்நியர் எவரும் உள்ளே வரக்கூடாது என்ற விதியை அவர் முதலில் எழுதிவிட்டார். 'நான் மட்டும் வரலாம்' என்ற விதியை அதற்கு முன்பே எழுதியிருக்க வேண்டும், மறந்துவிட்டார். சர்வர் சொன்னதைச் சொன்னபடி செய்தது. தன்னைப் பராமரிப்பவரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டது. ஐந்து மணிக்கு வரப்போகும் ஆய்வுக்கூடங்களுக்கும் அதே கதவுதான்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. மும்பை எங்கே, சென்னை எங்கே! விமானத்தைப் பிடித்தாலும் விடிவதற்குள் போய்ச் சேர முடியுமா? ஆனால் அத்தை அதிகம் பதறவில்லை. வேறொரு முகவரியைத் தட்டினார். வேறொரு கடவுச்சொல்லைக் கொடுத்தார். புதிய சாளரம் ஒன்று திறந்தது. அதில் அதே சர்வரின் கறுப்புத் திரை, மும்பையில் அதன் முன்னால் ஒரு கணிப்பொறித் திரையை மாட்டிப் பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படியே தெரிந்தது. தவறான வரியை அழித்தார். சரியான வரியை எழுதினார். நான்கு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

"கதவுதான் மூடிவிட்டதே, எந்த வழியாக அத்தை உள்ளே போனீர்கள்?" என்று கேட்டேன். அன்று இரவு ஒரு மணி வரை அவர் எனக்கு விளக்கிச் சொன்னவற்றையும், பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

சர்வர்கள் பெரும்பாலும் டேட்டா சென்டர் எனப்படும் பெரிய கூடங்களில் வைக்கப்படுகின்றன. ஆளுயர இரும்பு அடுக்குகளில் அவை வரிசையாக, பீரோவின் இழுப்பறைகளைப் போலச் செருகப்பட்டிருக்கும். குளிரூட்டிகளும் மின்விசிறிகளும் ஓயாமல் இரைந்துகொண்டிருக்கும். அங்கே எந்தச் சர்வருக்கும் தனியாகத் திரையோ விசைப்பலகையோ கிடையாது. ஆயிரக்கணக்கான சர்வர்களுக்கு ஆளுக்கொரு திரை வைத்தால் இடத்துக்கும் மின்சாரத்துக்கும் எங்கே போவது? ஆகவே அவற்றை வேலை வாங்குபவர்கள் தொலைவிலிருந்து நெட்வொர்க் வழியாகவே பேசுகிறார்கள்.

இந்தப் பேச்சில் ஒரு சிக்கல் உண்டு. நாம் தொலைவிலிருந்து அழைக்கும்போது பதில் சொல்வது சர்வரில் ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருள்தான். அது நலமாக இருந்தால் எல்லாம் நலமே. அது உறைந்துபோனாலோ, இயந்திரம் அணைந்திருந்தாலோ, அல்லது அன்றிரவு நடந்ததுபோல் நாமே அதன் வாயைக் கட்டிவிட்டாலோ பதில் சொல்ல ஆள் இல்லை. அதாவது, எல்லாம் ஒழுங்காக இருக்கும்போது வேலை செய்யும் வழி, ஏதாவது பழுதாகும்போது, நமக்கு மிக மிகத் தேவைப்படும் அதே நேரத்தில், கைவிட்டுவிடுகிறது. நோயாளிக்கு மயக்கம் வந்த பிறகு அவரிடமே "உங்களுக்கு என்ன செய்கிறது?" என்று கேட்பது போலத்தான் இது.

இதற்கு வழி கண்டவர்கள் சர்வருக்குள் இன்னொரு சிறிய கணிப்பொறியை வைத்தார்கள். சர்வரின் தாய்ப்பலகையிலேயே ஒரு மூலையில் ஒட்டியிருக்கும் இதற்குப் 'பேஸ்போர்டு மேனேஜ்மென்ட் கன்ட்ரோலர்', சுருக்கமாகப் பி.எம்.சி. என்று பெயர். தைவான் நாட்டின் ஆஸ்பீட் என்ற நிறுவனம் செய்யும் சில்லுகளே இன்று பல சர்வர்களில் இந்த வேலையைச் செய்கின்றன. நம் கைப்பேசியின் திறன்கூட இதற்கு இல்லை. ஆனால் இதற்குத் தனி மூளை உண்டு, தனி நினைவகம் உண்டு, பெரும்பாலும் தனியாக ஒரு நெட்வொர்க் துளையும் உண்டு. எல்லாவற்றையும்விட முக்கியம், பெரிய கணிப்பொறி அணைந்திருந்தாலும் சுவரில் பிளக் செருகியிருக்கும் வரை இது விழித்தே இருக்கும். பெரியதற்குப் போகும் மின்சாரம் வேறு, இதற்கென எப்போதும் சொட்டிக்கொண்டிருக்கும் சிறிதளவு மின்சாரம் வேறு.

நம் பள்ளி விடுதியை நினைத்துக்கொள்ளுங்கள். மாலை ஆறு மணிக்கு முன்கேட் சாத்தப்படுகிறது. இரவு ஒன்பதரைக்கு விளக்கணைப்பு. அதன்பின் யார் வந்து அழைப்பு மணியை அடித்தாலும் மாணவிகள் யாரும் எழுந்துபோய்த் திறக்க மாட்டோம். ஆனால் பக்கத்து வாசலில் வாட்ச்மேன் தாத்தா இருக்கிறார். அவருடைய அறைக்குத் தனி விளக்கு, தனி மணி. மெயின் சுவிட்ச் எங்கே, எந்த அறையின் சாவி எது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். தகுந்த ஆள் வந்து கேட்டால் அவர் பக்கத்து வாசலைத் திறப்பார். முழு விடுதிக்கும் விளக்கைப் போடவும் அவரால் முடியும். பி.எம்.சி. என்பது சர்வருக்குள் உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேன் தாத்தா. ஒரே வேறுபாடு, இவர் கண்ணயர்வதே இல்லை. (நம் தாத்தா இதைப் படித்தால் என்மேல் கோபித்துக்கொள்ளக் கூடாது.)

ஒவ்வொரு நிறுவனமும் தன் வாட்ச்மேனுக்கு ஒரு பெயர் சூட்டியிருக்கிறது. டெல் நிறுவனத்தின் சர்வர்களில் அதன் பெயர் ஐடிராக். எச்.பி. சர்வர்களில் ஐ.எல்.ஓ.; அதை விரித்தால் 'இன்டகிரேட்டட் லைட்ஸ் அவுட்' என்று வரும். விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு ஆட்கள் வீட்டுக்குப் போய்விடலாம், கூடம் இருட்டாகவே இருக்கட்டும், வேலை நடக்கும் என்பது அப்பெயரின் கருத்து. எனக்கு இந்தப் பெயர் மிகவும் பிடித்துவிட்டது. பல நிறுவனங்களின் சர்வர்களையும் ஒரே மொழியில் அதட்டி வேலை வாங்க வேண்டுமே என்பதற்காக இன்டெல், டெல், எச்.பி., என்.ஈ.சி. ஆகிய நான்கும் கூடி 1998-இல் ஐ.பி.எம்.ஐ. என்ற பொது விதிமுறையை வெளியிட்டன. அதன் இரண்டாம் பதிப்பு 2004-இல் வந்தது. 2015-இல் ரெட்ஃபிஷ் என்ற புதிய விதிமுறை வந்தது. பழையதும் புதியதும் இன்று அருகருகே வழங்குகின்றன.

சரி, இந்தச் சிறிய கணிப்பொறியிடம் என்னவெல்லாம் கேட்கலாம்? அத்தை எனக்குக் காட்டியபோது முதலில் வந்தது ஒரு மருத்துவ அட்டவணை போன்ற பக்கம். உள்ளே வெப்பம் எத்தனை டிகிரி, ஒவ்வொரு மின்விசிறியும் நிமிடத்துக்கு எத்தனை முறை சுழல்கிறது, மின்னழுத்தம் எவ்வளவு என்று வரிசையாக இருந்தது. பிறகு ஒரு நாட்குறிப்பு. எந்த நாள், எத்தனை மணிக்கு எந்த மின்விசிறி தடுமாறியது, மின்சாரம் எப்போது போய் வந்தது என்பதெல்லாம் அதில் பதிவாகியிருக்கும். பெரிய கணிப்பொறி செத்துப்போனாலும் இந்த நாட்குறிப்பு அழிவதில்லை. அடுத்து ஒரு பொத்தான்: அணை, போடு, அணைத்துப் போடு. மும்பைக்குப் போய் விரலால் அழுத்துவதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

இவற்றுக்கெல்லாம் மேலாக நான் வியந்தது அந்தத் தொலைத்திரையைத்தான். சர்வர் தன் திரைக்கு அனுப்பும் படத்தை பி.எம்.சி. தானே வாங்கி, நெட்வொர்க் வழியாக நமக்கு அனுப்பிவைக்கிறது. நாம் இங்கே தட்டும் விசையை வாங்கிக்கொண்டு, நிஜமான விசைப்பலகை ஒன்று செருகியிருப்பதுபோலச் சர்வரை நம்பவைக்கிறது. பாவம், சர்வருக்கு வேறுபாடே தெரியாது! ஆகவே இயங்குதளம் எழுவதற்கு முன்னால் வரும் முதல் எழுத்துகளைக்கூட நம்மால் பார்க்க முடிகிறது. இன்னொரு வித்தையும் உண்டு. நம் கணிப்பொறியில் உள்ள ஒரு கோப்பை, சர்வரில் செருகிய குறுந்தகடு போலக் காட்டலாம். அதைக் கொண்டு வெறும் சர்வர் ஒன்றுக்கு முழு இயங்குதளத்தையும் தொலைவிலிருந்தே நிறுவிவிடலாம். நெட்வொர்க் மெதுவாக இருந்தால் மட்டும் பாதி இரவு அதற்கே போய்விடும் என்று அத்தை சலித்துக்கொண்டார்.

பி.எம்.சி. இல்லாத சாதாரணக் கணிப்பொறிகளும் உள்ளனவே, அவற்றுக்கு என்ன செய்வது? வெளியிலிருந்து மாட்டும் பெட்டிகள் இருக்கின்றன. கீபோர்டு, வீடியோ, மவுஸ் ஆகிய மூன்றின் முதலெழுத்துகளைச் சேர்த்து அவற்றைக் கே.வி.எம். என்பார்கள். பெட்டியிலிருந்து ஒரு கேபிள் கணிப்பொறியின் திரைத்துளைக்குப் போகும், இன்னொன்று யு.எஸ்.பி. துளைக்குப் போகும், மூன்றாவது நெட்வொர்க்கில் சேரும். பி.எம்.சி. உள்ளிருந்து செய்வதை இது வெளியிலிருந்து செய்கிறது. ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணிப்பொறியைக் கொண்டு இத்தகைய பெட்டியை நாமே செய்துகொள்ளப் 'பை கே.வி.எம்.' என்ற திட்டமும் இருக்கிறது. அதன் மென்பொருள் யாரும் எடுத்துப் படிக்கும்படி திறந்து வைக்கப்பட்டுள்ளது. இதை நம் கணிப்பொறி ஆய்வகத்தில் செய்து பார்க்கலாமா என்று ஆசிரியை அவர்களிடம் கேட்டிருக்கிறேன். பொதுத் தேர்வு முடியட்டும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

திரையே இல்லாத கருவிகளும் உண்டு. நெட்வொர்க்கின் முச்சந்திகளில் நின்று போக்குவரத்தைத் திருப்பிவிடும் ரௌட்டர், சுவிட்ச் முதலியவை அவ்வகை. அவற்றின் முதுகில் 'கன்சோல்' என்றொரு பழைய வகைத் துளை இருக்கும். எழுத்துகள் மட்டும் வந்து போகும். அத்தகைய பல துளைகளை ஒன்றாகக் கட்டி, தொலைவிலிருந்து தொடும்படி செய்வது கன்சோல் சர்வர். அதில் கைப்பேசிச் சிம் அட்டை போடும் வசதியுள்ளவையும் இருக்கின்றன. ஏன் சிம் அட்டை என்றால், பழுதாகி நிற்கும் நெட்வொர்க்கைத் திருத்துவதற்கு அதே நெட்வொர்க் வழியாகப் போக முடியாதல்லவா? வெளியே எங்கிருந்தாவது ஒரு தனி வழி வர வேண்டும்.

இந்தத் தனி வழிதான் விஷயத்தின் உயிர்நிலை. அத்தை அன்றிரவு என்னிடம் இரண்டு மூன்று முறை திரும்பத் திரும்பச் சொன்னதும் இதைத்தான். கருவி இருந்தால் மட்டும் போதாது. அதற்குப் போகும் பாதை வேறாக இருக்க வேண்டும். இதை உலகமே பார்த்த ஒரு நாள் உண்டு. 2021 அக்டோபர் 4-ஆம் தேதி இரவு நம் வீடுகளில் வாட்ஸ்அப் நின்றுபோனது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அப்போது ஆன்லைன் வகுப்புகள் நடந்துகொண்டிருந்த காலம். "வீட்டுப்பாடம் அனுப்ப முடியவில்லை" என்று அடுத்த நாள் உண்மையாகவே சொல்ல முடிந்தது! ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் உலகெங்கும் நின்றன. பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை, அந்நிறுவனத்தின் டேட்டா சென்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும் முதுகெலும்பு நெட்வொர்க் முழுவதையும் துண்டித்துவிட்டது. தவறான கட்டளையைத் தடுக்க வேண்டிய சோதனை மென்பொருளிலும் ஒரு பிழை இருந்ததால் அது தடுக்கவில்லை.

அவர்களிடம் பக்கவாசல் இல்லாமல் இல்லை. ஆனால் அன்று முதன்மைப் பாதையோடு அதுவும் சேர்ந்து படுத்துவிட்டது என்று அந்நிறுவனமே பிறகு எழுதியது. முடிவில் பொறியாளர்களை நேரிலேயே அனுப்பினார்கள். அந்தக் கட்டடங்களோ எளிதில் எவரும் நுழைய முடியாதபடி கட்டப்பட்டவை. உள்ளே போன பிறகும் கருவிகளை எளிதில் மாற்ற முடியாதபடி பாதுகாப்பு. திருடனுக்காகப் போட்ட பூட்டு அன்று வீட்டுக்காரரையே காக்கவைத்தது.

அடுத்த ஆண்டே கனடாவில் இப்படி ஒன்று நடந்தது. 2022 ஜூலை 8-ஆம் தேதி ராஜர்ஸ் என்ற நிறுவனத்தின் தொலைபேசி, இணையச் சேவைகள் நின்று, 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் அவதிப்பட்டார்கள். அங்கும் கருவிகளைப் பராமரிக்கும் நெட்வொர்க், பழுதான மைய நெட்வொர்க்கையே நம்பி இருந்தது. அது விழுந்ததும் திருத்தப் போகும் வழியும் விழுந்தது. பிறகுதான் பராமரிப்புக்கென்று முற்றிலும் தனியான நெட்வொர்க்கை அமைக்க முடிவு செய்தார்கள்.

2024 ஜூலை 19-ஆம் தேதி நடந்தது வேறு வகை. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு சிறு கோப்பினால், உலகில் 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் நீலத்திரையில் நின்றன என்று மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். மருந்து என்னவோ எளிதுதான்: இயந்திரத்தைப் பாதுகாப்பு முறையில் எழுப்பி, அந்த ஒரு கோப்பை அழித்துவிட வேண்டும். ஆனால் இயந்திரம் எழுந்தால்தானே தொலைவிலிருந்து பேசலாம்? எழும்போதே விழுந்துவிடுகிறதே! எங்கெல்லாம் பி.எம்.சி. அல்லது கே.வி.எம். பெட்டி மாட்டியிருந்ததோ அந்தக் கணிப்பொறிகளை ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒவ்வொன்றாகத் திருத்த முடிந்தது. மற்றவற்றுக்கு யாரேனும் நேரில் நடந்துபோக வேண்டியதாயிற்று.

அத்தையிடம் இதைப்பற்றிக் கேட்டால், அவர் முதலில் சொல்வது உலகச் செய்தி எதையும் அல்ல. 2015 டிசம்பர் வெள்ளத்தைத்தான் சொல்வார். அப்போது அவர் வேலைக்குச் சேர்ந்து ஓராண்டுகூட ஆகவில்லை. வீடுகளுக்கு மருந்து கொண்டுபோய்க் கொடுக்கும் ஒரு சிறிய நிறுவனம் அது. மாதந்தோறும் இன்சுலின் வாங்கும் முதியவர்களின் பெயர், முகவரி எல்லாம் ஒரே ஒரு சர்வரில் இருந்தன. அடையாற்றில் வெள்ளம் கரை புரண்டு ஓடியது, பாலங்கள் மூடப்பட்டன. ஆற்றுக்கு வடக்கே அத்தை; தெற்கே அலுவலகம். அலுவலகம் மாடியில் இருந்ததால் தண்ணீர் ஏறவில்லை. மின்சாரம் போய், ஜெனரேட்டரினால் திரும்ப வந்தது. அத்தையின் கைப்பேசியில் இணைப்பு வந்து வந்து போயிற்று. வந்த நேரத்தில் பார்த்தால் அலுவலக ரௌட்டர் பதில் சொல்கிறது. சர்வர் மட்டும் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பாலம் திறந்தபின் நேரில் போய்ப் பார்த்தார். சர்வருக்கு ஒன்றுமே ஆகவில்லை! மின்சாரம் போனபோது, உள்ளே கடிகாரத்துக்காக இருக்கும் நாணயம் போன்ற பேட்டரி தீர்ந்துபோயிருந்தது தெரிந்து, அது எழும்போதே ஒரு வரியை எழுதிவிட்டு நின்றிருக்கிறது: 'தொடர எஃப்-1 விசையை அழுத்தவும்.' ஒரே ஒரு விசை. அதை அழுத்த ஆளில்லாமல் இரண்டு நாட்களும் காத்துக்கொண்டிருந்திருக்கிறது. அந்த இரண்டு நாட்களும் அலுவலகத்தில் இருந்தவர்கள் பழைய பில் தாள்களைப் புரட்டியும், நினைவில் இருந்ததைச் சொல்லியும் மருந்து அனுப்பியிருக்கிறார்கள். எத்தனை வீடுகள் விட்டுப்போயினவோ என்று அத்தை இன்றும் சொல்வார்.

இதில் அத்தைக்கு ஆறாத ஒன்று உண்டு. அந்தச் சர்வரின் முதுகில் பி.எம்.சி.க்கான தனித்துளை இருந்தது. காசு கொடுத்து வாங்கியபோதே அதுவும் சேர்ந்துதான் வந்திருந்தது. அதிலிருந்து பக்கத்தில் இருந்த சுவிட்சுக்கு ஒரு கேபிள் போட யாருக்கும் தோன்றவில்லை. துளையின் வாயில் தூசு படியாமலிருக்க வைத்த ரப்பர் மூடி அப்படியே இருந்ததாம். "மூன்றடி கேபிள்" என்று மட்டும் சொல்லிவிட்டு அத்தை சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

இப்போது இதன் மறுபக்கம். முழு விடுதியின் சாவியும் வாட்ச்மேன் தாத்தாவிடம் இருக்கிறது என்றேன். அவரை யாராவது ஏமாற்றிவிட்டால்? பி.எம்.சி.யைப் பிடித்தவன் சர்வரையே பிடித்தவன் ஆகிறான். முன்கதவுக் காவற்சுவர் எதுவும் அவனைத் தடுக்காது, ஏனெனில் அவன் அந்த வழியாக வருவதே இல்லை. முன்பெல்லாம் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே எல்லாச் சர்வர்களுக்கும் ஒரே கடவுச்சொல் வைத்து அனுப்புவார்கள். சூப்பர்மைக்ரோவில் 'அட்மின்' என்பது, டெல்லில் 'கால்வின்'. வரலாற்றுப் பாடத்தில் வரும் கால்வினின் பெயரேதான்! அதை மாற்றாமல் விட்டவர்கள் ஏராளம். கலிபோர்னியா மாநிலம் இணையத்தில் சேரும் கருவிகளுக்கென்று ஒரு சட்டம் போட்டு, 2020 ஜனவரி 1 முதல் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனிக் கடவுச்சொல் இருக்க வேண்டும், அல்லது முதன்முதலில் பயன்படுத்தும்போதே புதிதாக வைத்துக்கொள்ளச் செய்ய வேண்டும் என்று ஆக்கியது.

கடவுச்சொல் நன்றாக இருந்தும் கதவு திறந்த கதையும் உண்டு. எச்.பி. நிறுவனத்தின் ஐ.எல்.ஓ. நான்காம் பதிப்பில் ஒரு பிழை. அதனிடம் பேசும்போது குறிப்பிட்ட ஓரிடத்தில் 'ஏ' என்ற ஆங்கில எழுத்தை 29 முறை எழுதி அனுப்பினால், கடவுச்சொல் கேட்காமலே உள்ளே விட்டுவிடும்! இதற்கான திருத்தம் 2017-இல் வெளிவந்தது. 2018-இல் ஆய்வாளர்கள் அதை விளக்கிக் கூறியபோது எல்லாரும் வாயடைத்துப் போனார்கள். திருடன் பூட்டை உடைக்கவில்லை, சாவியும் செய்யவில்லை. வாசலில் நின்று 'ஆ...' என்று கத்தினான், கதவு திறந்துவிட்டது! 2021 டிசம்பரில் இன்னொன்றைக் கண்டுபிடித்தார்கள். ஐ.எல்.ஓ.வுக்குள்ளேயே ஒளிந்துகொண்டு, சர்வரின் ஹார்ட் டிஸ்க்கை அழித்த ஒரு நச்சு நிரல். இயங்குதளத்தை எத்தனை முறை புதிதாகப் போட்டாலும் அது போகாது, ஏனெனில் அது குடியிருப்பது வேறு கணிப்பொறியில் அல்லவா? திருத்தப் பதிப்பை நிறுவப் போனால், நிறுவிவிட்டதாகப் பொய் சொல்லிப் பழையபடியே இருக்குமாம்.

ஆகவே அத்தை தன் பக்கவாசலை ஒருபோதும் பொது இணையத்தில் வைப்பதில்லை. அதற்கென்று தனி நெட்வொர்க். அதற்குள் நுழைய முதலில் வேறொரு பாதுகாப்பான சுரங்கப்பாதை. அதைத் தாண்டிய பிறகே கடவுச்சொல். சில சர்வர்களில் பி.எம்.சி.யும் பெரிய கணிப்பொறியும் ஒரே துளையைப் பங்கிட்டுக்கொள்ளலாம், ஒரு கேபிள் மிச்சம். அத்தை அதற்கு ஒத்துக்கொள்வதே இல்லை. கேபிளில் மிச்சம் பிடித்தவர்களை அவருக்குப் பிடிக்காது.

மாதத்தின் முதல் சனிக்கிழமை இரவு, எந்தப் பழுதும் இல்லாதபோதும், பக்கவாசல் வழியாக ஒவ்வொரு சர்வருக்கும் போய்க் கதவு திறக்கிறதா என்று அவர் பார்த்து வருகிறார். நான் ஊருக்குத் திரும்புவதற்கு முந்தைய நாள் அப்படியொரு சனிக்கிழமை. எல்லாம் முடிந்தபின், "நீ ஒன்று அழுத்து" என்று எனக்கு நாற்காலியைக் கொடுத்தார். எனக்குக் கை நடுங்கியது. "பயப்படாதே, இதில் எதுவும் கெடாது" என்றார். நூற்றுக்கணக்கான சர்வர்கள் ஒரே மாதிரி நிற்கும் கூடத்தில், கழற்ற வரும் தொழிலாளி சரியானதைக் கண்டுபிடிப்பதற்காக ஒவ்வொன்றின் முகத்திலும் ஒரு நீல விளக்கு உண்டாம். அதை எரியவைக்கும் கட்டளை அது. அழுத்தினேன். பதினைந்து விநாடிகள் மும்பையில் அந்த விளக்கு மின்னியதாகத் திரை சொன்னது. அங்கே அப்போது அதைப் பார்க்க யாரும் இருந்திருக்க மாட்டார்கள் என்று அத்தை சொன்னார்.